ஒதுக்கி வைக்கச் சொன்னார்

போன வாரம் ஏட்டு நல்லக்கண்ணுவைக் குற்றாலம் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கடிதத்தோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அட்டென்ஷனில் நிற்கிறார். முதலில் அவரை அங்கிருந்து கிளப்புவோம்.

கடிதத்தை எழுதியவன் அவருடைய தம்பி சிவசைலம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். எழுதியது செங்கோட்டை ரயிலடியில் பார்சல் கிளார்க்காக இருக்கும் கிதிர் முகம்மதுவுக்கு. ஒருவன் இருப்பது வெள்ளைக்காரன் சீமையில், இன்னொருவன் பிழைப்பது திருவாங்கூர் மகாராஜா சீமையில். இருவரையும் சேர்த்து வைத்தது எறும்பு. ஆமாம், எறும்புதான். மற்றவர்கள் கிளியும் புறாவும் வளர்ப்பதுபோல இவர்கள் கண்ணாடிப் பெட்டியில் எறும்பு வளர்த்தார்கள்.

யுத்த காலம் என்பதால் எல்லை தாண்டும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரித்தவர் கண்ணில் எறும்பு என்ற வார்த்தை ஓரிடத்திலும் படவில்லை. மாட்டுத் தரகர்கள் பேசிக்கொள்ளும்போது ஒவ்வொரு தடவையும் மாடு என்றா சொல்கிறார்கள்? இதுவும் அப்படித்தான். முதலில் கண்ணில் பட்டது இதுதான்:

“ராணி சுகம். சிப்பாய்கள் பெருத்துவிட்டார்கள். ஐப்பசி முதல் மழைக்கு எல்லா இடத்திலும் ஒரே நாளில் கிளம்பும். நீ பெட்டிகளோடு குகைப் பக்கம் தயாராக இரு.”

1942-ஆம் வருஷம். எங்கே பார்த்தாலும் தந்திக் கம்பி அறுபடுகிறது. ரயில் குகைப் பக்கம் பெட்டியோடு தயாராக இரு என்று ஒருவன் எழுதினால் எந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் தூக்கம் வரும்?

“இது உம்ம தம்பி எழுத்துதானாவே?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டதோடு போன வாரம் நின்றது.

“எழுத்து அவன் எழுத்துதான் ஐயா. ஆனா அது எறும்புங்க” என்றார் நல்லக்கண்ணு.

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலியிலிருந்து வந்து குற்றாலத்தில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் முகாம் போட்டிருந்தார். வந்த நாள் முதல் ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு ஏட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

“எறும்பா?”

“ஆமாங்க ஐயா. வீட்டுல மூணு பெட்டி இருக்கு.”

“உம்ம தம்பியை விடியக்காலமே ஐந்தருவிப் பாதையில பிடிச்சாச்சு. கையில தகர டப்பாவும் கொத்துக் கரண்டியும் வெச்சிருந்தான். சாயங்காலம் வரைக்கும் டயம் தாரேன். எறும்பைக் கொண்டாந்து காட்டும். காட்டலைன்னா பாளையங்கோட்டைக்கு அனுப்பிடுவேன். இந்த யுத்தச் சட்டத்துல போனா விசாரணையும் கிடையாது, வக்கீலும் கிடையாது. உமக்கே தெரியும்.”

நல்லக்கண்ணுவுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தில் இரண்டு பேரை அவரே ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு தென்காசிக்கு வந்தார். கூடவே இன்னொரு சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பியிருந்தார் இன்ஸ்பெக்டர். துணைக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார். எந்தத் துணை என்று ஏட்டுக்கு விளங்காதா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிவசைலத்தின் மனைவி வடிவம்மாள் கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் அவளும் மூத்தார் நல்லக்கண்ணுவும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசியதில்லை. பேசக்கூடாது, அந்தக் குடும்பத்தில் அப்படி. அவர் வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவர் முற்றத்து முருங்கை மரத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதை மரத்திடம் சொல்லிவிட்டுப் போவார். அவள் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவி பேராச்சி வழியாகத்தான். பக்கத்து வீடுதான் என்றாலும், பதில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர அரை நாளாகும்.

அன்றைக்கும் நல்லக்கண்ணு முருங்கை மரத்துக்கு முன்னால் நின்றார். வாசலில் கான்ஸ்டபிள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இதற்குமேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்ற அளவுக்குச் சுருக்கினார்.

“தம்பிய குத்தாலத்துல பிடிச்சு வெச்சிருக்காவ. எறும்பு விஷயம்தான். இன்ஸ்பெக்டர் பாக்கணும்னு சொல்லுதாரு. நான் மத்தியானம் வருவேன். அதுக்குள்ள அந்தப் பெட்டிய எல்லாம் ஒதுக்கி வைக்கணும். ஒண்ணு விடாம. நோட்டுப் புஸ்தகத்தையும் சேத்து.”

அவ்வளவுதான். சைக்கிள் மணி தெரு முனையில் கேட்டது.

கதவுக்குப் பின்னால் வடிவு நின்றிருந்தாள். பிடிச்சு வெச்சிருக்காவ என்ற வார்த்தைக்குப் பிறகு மற்றதெல்லாம் தூரத்தில் கேட்டது போலிருந்தது. ஒதுக்கி வைப்பது என்றால்? மாட்டுக் கால் படாமல், அடுப்புப் புகை படாமல் ஓரமாக வைப்பதா? அல்லது வேறா? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். ஐந்து வருஷப் பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது.

பேராச்சி அந்நேரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். வடிவு சொன்னதைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, நான் பதினாறு வருஷமா போலீஸ்காரன் பொண்டாட்டி. அவுக பாஷை எனக்குத் தெரியாதா? போன வருஷம் அந்தச் சாராயப் பானை கேஸ்ல ‘ஒதுக்கிட்டேன்’னு சொன்னாவளே, பானைய என்ன செஞ்சாவ தெரியுமா? உடைச்சு ஆத்துல போட்டாவ. ஒதுக்குன்னா காணாமப் பண்ணணும்.”

“இல்லக்கா, பாக்கணும்னு இன்ஸ்பெக்டர் சொன்னதா…”

“அதான் சொல்லுதேன். அவன் வந்து பாக்கயில இருக்கலாமா? ஒண்ணு விடாமன்னு ஏன் சொன்னாவ? நோட்டையும் சேத்துன்னு ஏன் சொன்னாவ? பத்திரமா வைக்கச் சொல்லுதவுக இப்படியா சொல்லுவாவ?”

கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. பேராச்சியிடம் இதுதான் தொல்லை. அவள் தப்பாகச் சொன்னாலும் பாயிண்டு பாயிண்டாகச் சொல்லுவாள்.

உள் அறையில் மூன்று பெட்டிகளும் வரிசையாக இருந்தன. படத்துக்குப் போடுகிற கண்ணாடி இரண்டைச் சேர்த்து, நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மண் நிரப்பி, சுற்றிலும் தேக்குச் சட்டம். மேலே கறுப்புத் துணி. பெட்டியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. எல்லா வீட்டிலும் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் வைப்பார்கள். இந்த வீட்டில் இறங்காமலிருக்க.

வந்த புதிதில் வடிவுக்கு அந்த அறைப் பக்கம் போகவே அருவருப்பு. இரண்டு வருஷம் முன்பு சிவசைலம் காய்ச்சலில் படுத்தபோது வேறு வழியில்லாமல் கருப்பட்டித் தண்ணீர் வைக்கப் போனாள். ஒரு கட்டெறும்பு குடித்துவிட்டுப் போய் இன்னொன்றின் வாயில் ஊட்டியதைப் பார்த்தாள். அன்றைக்கு அடுப்பில் சோறு குழைந்துபோனது. அதற்குப் பிறகு காலையில் துணியை விலக்குவது அவள் வேலையாகிவிட்டது. எந்த அறையில் முட்டை, எந்த அறையில் புழு, ராணி எங்கே படுத்திருக்கிறது என்று சிவசைலத்துக்கு முன்னால் அவள்தான் சொல்வாள்.

முதல் பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிவந்து சட்டத்தைத் திறந்தாள்.

“போங்க” என்றாள்.

எறும்புகள் போகவில்லை. வெளிச்சம் பட்டதும் கலைந்து ஓடின. உடனே திரும்பி வந்து, வெள்ளை முட்டைகளை ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு மண்ணுக்குள்ளேயே நுழைந்தன. தட்டினாள், குலுக்கினாள். வெளியே விழுந்ததும் சுற்றிக்கொண்டு வந்து உள்ளே போயின.

“வெயில் ஏறிப்போச்சுட்டி. இப்படிக் கொஞ்சிக்கிட்டு இருந்தா அவன் வந்துருவான்” என்றாள் பேராச்சி. “பிள்ளை வளர வேண்டிய வீட்டுல எறும்ப வளத்தா இப்படித்தான்.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பேராச்சி செம்பை எடுத்தாள்.

“நானே ஊத்துதேன்க்கா.”

மூன்று பெட்டிக்கும் அவளே ஊற்றினாள். புளித்த வாடை ஒன்று எழும்பி மூக்கில் ஏறியது. கண்ணாடியை உடைத்து உரக்குழியில் புதைத்தாள். சட்டங்களை அடுப்பில் வைத்தாள். கடைசியில் நோட்டுப் புத்தகங்கள். நான்கு நோட்டு நிறைய எறும்புப் படம். கால், கொம்பு, தலை என்று தனித்தனியாக அவன் பென்சிலால் எழுதிய படம். ஒவ்வொரு தாளாகக் கிழித்து எரித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் திரும்பி வந்தால் போதும், எறும்பு போனால் போகட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முகத்தைக் கழுவினாள். வீட்டைப் பெருக்கினாள். இனி எவன் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இரண்டு மணிக்கு வண்டிக்காரன் மாடனின் மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. நல்லக்கண்ணு முன்பக்கத்திலிருந்து குதித்தார். முகத்தில் காலையில் இருந்த கலக்கம் இல்லை. கான்ஸ்டபிளை எங்கேயோ டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். முருங்கை மரத்திடம் வந்து வாய் நிறையப் பேசினார்.

“வண்டி நிறைய வைக்கோல் பரப்பியிருக்கேன். பெட்டிய ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கச் சொல்லு. கண்ணாடி ஒடையக் கூடாது. உள்ள ஒரு எறும்பு சாகக் கூடாது. அதைக் காட்டினாத்தான் இன்ஸ்பெக்டர் நம்புவாரு. அது ஒண்ணுதான் தம்பிக்குச் சாட்சி.”

கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டி எதுவும் வரவில்லை.

“கேக்குதா? நேரமாகுது. மழை வேற கறுத்துக்கிட்டு நிக்கி.”

கதவு திறந்தது. வடிவு வெளியே வந்தாள். தலையில் முக்காடு இருந்தது. ஆனால் கண் நேராக அவரைப் பார்த்தது.

“நீங்கதான ஒதுக்கச் சொன்னீய, பெரியத்தான்?”

நல்லக்கண்ணு ஒரு அடி பின்னால் போனார். அவள் குரல் அவருக்கு யாருடைய குரலோ போலிருந்தது. ஐந்து வருஷமாகப் பாதி நாள் அவள் சமையலில்தான் சாப்பிட்டிருக்கிறார், அந்தக் குரலைக் கேட்டதில்லை.

“ஆமா… ஒதுக்கி…”

“வெந்நீர ஊத்திட்டேன். மூணுலயும். நோட்டையும் எரிச்சிட்டேன்.”

அவர் வண்டியைப் பார்த்தார். பரப்பியிருந்த வைக்கோலை மாடு கழுத்தைத் திருப்பித் தின்னப் பார்த்தது. நல்லக்கண்ணு அப்படியே முற்றத்தில் குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி மூச்சு வந்தது.

“நான் ஓரமா வைக்கச் சொன்னேன் தாயி. ஓரமா வைக்கத்தான் சொன்னேன்.”

கொல்லைப் பக்கம் நின்ற பேராச்சி வந்த சுவடு தெரியாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை இந்த வாரம் இதோடு விட்டுவிடுவோம்.

“என்னக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் வடிவு.

“எங்க?”

“அவிய இருக்க எடத்துக்கு. எறும்புதான செத்துப்போச்சு? நான் இருக்கேம்லா. அந்தக் கடிதாசிய என்கிட்ட வாசிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு வரிக்கும் நான் அர்த்தம் சொல்லுதேன்.”

ஏட்டு நல்லக்கண்ணு சற்று யோசித்தார். யோசிக்க வேறு எதுவும் மிச்சமில்லை.

குற்றாலம் மூன்று மைல். மாடனுக்குப் பக்கத்தில் அவர், பின்னால் வைக்கோலில் அவள். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. மழை வருமோ என்று நல்லக்கண்ணு நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். முதல் மழைக்குக் கிளம்பும் என்று கடிதத்தில் இருக்கிறதே. இன்றைக்கு மழை பெய்து, இன்றைக்கே எவனாவது எங்கேயாவது ஒரு கம்பியை அறுத்துத் தொலைத்தால் அதையும் தம்பி தலையில்தான் கட்டுவார்கள்.

பங்களாத் தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் ஒரு பெஞ்சில் சிவசைலம். வேட்டியெல்லாம் செம்மண். வடிவைப் பார்த்ததும் எழுந்தான். பக்கத்திலிருந்த போலீஸ்காரன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

“எறும்பு எங்கேவே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு வாயைத் திறப்பதற்குள் வடிவு முன்னால் வந்து சொன்னாள். முருங்கை மரம், சாராயப் பானை, வெந்நீர், எதையும் மறைக்கவில்லை. சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டான். ராணியும் போய்விட்டது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

இன்ஸ்பெக்டர் தும்மினார்.

“ஏட்டு சம்சாரத்துக்குத் தெரிஞ்ச போலீஸ் பாஷை எனக்கே தெரியாது போலிருக்கே. சரி, வாசிக்கிறேன். சொல்லும்மா. ‘ராணி சுகம்.’ எந்த ராணி?”

“கூட்டுக்கு ஒரு தாய் உண்டும் ஐயா. முட்டையிடுறது மட்டும்தான் அதுக்கு வேலை. மத்ததெல்லாம் அது பெத்ததுதான்.”

“சிப்பாய்?”

“கட்டெறும்புல சிலதுக்கு மட்டும் தலை பெருத்திருக்கும். வாசல்ல நின்னு காவல் காக்கும். கடிச்சா விடாது.”

“எல்லா இடத்திலும் ஒரே நாளில் கிளம்புமாமே?”

“மழை விட்டுப் பொழுது சாயயில, செறகு மொளைச்சதெல்லாம் பறக்கும். ஊர்ல உள்ள அத்தனை கூட்டுலயும் அன்னைக்கே பறக்கும்.”

“அதெப்படி? யார் சொல்லி அனுப்புறா?”

“அது தெரியலைங்க. அவியளும் கிதிர் அண்ணாச்சியும் ரெண்டு வருஷமா அதைத்தான் எழுதிப் பாத்தாவ.”

இன்ஸ்பெக்டர் காலை வெந்நீரிலிருந்து எடுத்தார். முகத்தில் ஏதோ இளகியது. பெஞ்சிலிருந்தவனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் மனைவி இவ்வளவு பேசுவாள் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

“குகைப் பக்கம் ஏன்?”

“அங்கன சிக்னல் விளக்கு எரியுதுல்லா? வெளிச்சத்துக்கு வந்து விழும். பொறுக்குறது லேசு.”

“பெட்டி? அதுல என்ன?”

“ஒண்ணும் இல்லைங்க. காலித் தீப்பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு ராணி. ரெண்டைச் சேத்துப் போட்டா சண்டை போட்டுச் செத்துரும்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார். சிரிப்பு தும்மலில் முடிந்தது. தாழ்வாரத்திலிருந்த போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். நல்லக்கண்ணுவும் சேர்ந்து சிரித்தார்.

“பொய் சொல்ல வந்தவ, சாட்சிய நானே அழிச்சேன்னு சொல்ல மாட்டா” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏட்டு, உம்ம தம்பி பெண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். இன்னும் ஒரு வரிதான். அதையும் சொல்லிட்டா மூணு பேருமா வண்டியேறலாம்.”

கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஓரத்தில், நெருக்கி எழுதியிருந்த வரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“‘அந்தப் பிள்ளை தீபாவளி வரை உன் வீட்டிலேயே இருக்கட்டும். வடிவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.’”

தாழ்வாரத்தில் சிரிப்பு நின்றது.

“வடிவு யாரு?”

“நான்தான்” என்றாள்.

“இந்தப் பிள்ளை எந்த எறும்பும்மா?”

வடிவு பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நிமிரவில்லை.

“உன்னைத்தாம்மா கேக்கேன்.”

“எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

அன்றைக்கு அவள் சொன்னதில் இன்ஸ்பெக்டர் நம்பாதது அது ஒன்றைத்தான்.